தோல் சட்டை போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் ஆபீஸ் பையன்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். ஒரே கம்ப்யூட்டர் விளையாட்டு இந்தப் பெட்டியில் எப்படி ஓடுகிறது, அந்தப் பெட்டியில் எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வீடியோ. இதில் புல் அசைகிறது, அதில் அசையவில்லை. இதில் வேகம் ஜாஸ்தி, அதில் கம்மி. எனக்குப் பொறுமை குறைவு; டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். இந்த ஆராய்ச்சியை நானும் என் அக்காவும் ஆம்பூரில் எப்போதோ செய்தாயிற்று. எதில் நன்றாக ஓடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். இவர்களில் ஒருவனும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

அப்பா ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கிளார்க். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, பழையதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுத்த வாரமே அதற்கு ஒரு சட்டை தைத்து வந்தார். மற்ற வீடுகளில் கம்ப்யூட்டருக்குத் துணியிலோ பிளாஸ்டிக்கிலோ உறை போடுவார்கள். எங்கள் வீட்டில் ஆட்டுத்தோல். கம்பெனியில் கழித்துப் போட்ட காபிக் கலர் துண்டுகளைச் சேர்த்து, தையல் பிரிவில் சொல்லி, இரட்டைத் தையல் போட்டு, ஜிப் வைத்து வாங்கி வந்திருந்தார். முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும்; ஓடும்போதும் அதைக் கழற்ற மாட்டோம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுத் தையலைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

அக்கா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சத்துவாச்சாரியில் தோழிகளோடு ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். லீவு கிடைத்தால் பஸ் பிடித்து ஆம்பூருக்கு வந்துவிடுவாள். ஒருமுறை வரும்போது ஒரு சிடி வாங்கி வந்தாள். படம் என்று நினைத்து வாங்கியது, விளையாட்டாகப் போய்விட்டது. சுட்டுத் தள்ளும் விளையாட்டு இல்லை. கதைக்குள் நாமே ஆளாகி, ஊர் ஊராக நடந்து, பேசி, சண்டை போட்டு, அடிபட்டு, தேறி, கடைசியில் வடக்கே பனியில் உறைந்து கிடக்கும் ஒரு கோபுரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நான்கு பேர் சேர்ந்து போகும் கூட்டம். அவர்களுக்குப் பெயர் வைப்பது நம் வேலை.

வைத்தியம் பார்க்கிறவளுக்கு அக்கா யோசிக்காமல் AKKA என்று அடித்தாள். கத்தி வைத்திருந்தவள் நான். THANGACHI என்று அடிக்கப் போனால் ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை. THANGA என்று நின்றுவிட்டது. "பரவால்லடி, தங்கமாய்ட்ட" என்றாள். தாடி வைத்த மந்திரக்காரக் கிழவர் APPA. கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த தடியனுக்கு AMMA என்று வைத்தாள். அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து, "மீசை இருந்தா இன்னா, பேர் பொருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

விளையாட்டு எங்கள் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, நடந்தது. கத்தியை ஓங்கினால் இறங்குவதற்குள் அம்மா குழம்புக்குத் தாளித்து முடித்துவிடுவாள். ஒரு வாசலைத் தாண்டினால் அடுத்த ஊர் வருவதற்குள் நான் நகம் கடித்துத் துப்பிவிடுவேன். அதோடு நடுநடுவே அப்படியே உறைந்து நின்றுவிடும். அணைத்து, திரும்பப் போட்டு, விட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீபோர்டை ஒரு தட்டு தட்டுவேன். அம்மா அங்கிருந்தே, "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பாள். பூமியை ஆண்டு நான் என்ன செய்வது, கோபுரத்துக்குப் போனால் போதும்.

அக்காவுக்குக் கோபமே வராது. ஒருவன் அடிக்க வருகிறான் என்றால், அவன் கை ஓங்குவதைப் பார்த்து, யாருக்கு எவ்வளவு ரத்தம் குறைந்திருக்கிறது என்று பார்த்து, மருந்தைத் தேடி, ஆற அமரக் கொடுப்பாள். ஒருவரையும் சாக விடமாட்டாள். கம்ப்யூட்டரில் சவுண்ட் கார்டு இல்லாததால் சத்தத்துக்கும் அவள்தான் பொறுப்பு. ஊருக்குள் நடக்கும்போது சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற மெட்டை முனகுவாள். சண்டை வந்தால் அதே மெட்டை வேகமாக. கத்தி பட்டால் உதட்டைச் சுழித்து ஒரு சத்தம், கோடாரி பட்டால் மேஜையில் ஒரு குத்து. சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதினால், "ராஜா வர்றாருடி, எழுந்து நில்லு" என்பாள். உடனே அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்.

பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரியின் மகள் என் வகுப்பு, என் தோஸ்த். துபாயிலிருந்த அவள் அண்ணன் டீவியில் மாட்டி விளையாடும் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தான். அதோடு வந்த சிடிகளில் எங்கள் விளையாட்டும் இருந்தது. கூப்பிட்டாள், போனோம்.

சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறித்தது. எங்கள் வீட்டில் சாம்பலாகத் தெரிந்த காடு அங்கே பச்சை. தண்ணீர் ஓடியது. பெயருக்கு எட்டு எழுத்து இடமிருந்தது; ஆசையாக அடித்தால் THANGACH என்று தும்மல் போல வந்து நின்றது. வாசலைத் தாண்டினால் உடனே அடுத்த ஊர். நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கொண்டாடிக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் முதல் சண்டையிலேயே தடுமாறிவிட்டாள். மருந்தை எடுப்பதற்குள் APPA விழுந்தார், யாருக்குக் கொடுப்பது என்று பார்ப்பதற்குள் நான் விழுந்தேன், கடைசியில் அவளும் விழுந்தாள். உண்மையான பாட்டு ஒன்று சோகமாக ஒலித்தது. அக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாள் பூரா வார்டுல ஓடறது போதாதா? இங்கியும் ஓடணுமா? பதறின காரியம் சிதறும்டி. நம்ம வீட்டுதுதான் எனக்குச் சரி."

"நம்ம வீட்டுது ஒரு டப்பா" என்றேன்.

"டப்பாவா இருந்தா இன்னா? யாரும் சாகறதில்ல இல்ல?"

என் தோஸ்த் பதிலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் கம்ப்யூட்டர் உறைந்து நிற்பதைப் பார்த்தாள், சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். "இன்னாடி இது, நெருப்பா கொதிக்குது. தோலுக்குள்ள வெச்சி ஜிப்பு போட்டா அதுக்கு மூச்சு முட்டாதா?" அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெட்டிக்குப் பின்னாலிருந்த காற்று ஓட்டைகளையெல்லாம் அப்பாவின் இரட்டைத் தையல் அழகாக மூடியிருந்தது. தோல் தொழிலில் இருக்கும் வீட்டில்தான் இப்படி நடக்கும். விஷயம் கேட்ட அப்பா சட்டையைக் கழற்றி மடித்து பீரோவின் மேல் வைத்தார். இரண்டு நாள் முகமே சரியில்லை. அதன் பிறகு கம்ப்யூட்டர் உறைவது நின்றது. வேகம் மட்டும் அதேதான்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு சவுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விசா வர வேண்டியதுதான் பாக்கி. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் பேஜார். அழுதால் கேலி செய்வாள் என்று சண்டை போட்டேன். "கோபுரத்துக்குப் போகாம நீ போனா உன்கிட்ட பேசவே மாட்டேன்." அவள் என் தலையில் கை வைத்து, "முடிச்சிட்டுத்தான் போவேன், போதுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் ஓட்டப்பந்தயம் விசாவோடு. சத்துவாச்சாரியில் அக்காவின் வீட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டர்கள் புதியவை. சிடியையும், விளையாட்டை நாங்கள் சேமித்து வைத்திருந்த ஃப்ளாப்பியையும் எடுத்துக்கொண்டு நான் வேலூருக்கு பஸ் ஏறினேன். பக்கத்து வீட்டு டீவிப் பெட்டியில் எங்கள் ஃப்ளாப்பியைப் போட முடியாது; அதில் முதலிலிருந்து நடக்க வேண்டும். இங்கே விட்ட இடத்திலேயே தொடரலாம். எங்கள் வீட்டை விட நல்ல வேகம். ஆனால் அந்த வேகத்தில் அக்கா இரண்டு பேரைச் சாக விட்டுவிட்டாள். பக்கத்துத் தடுப்பில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், அவளால் பாடவும் முடியவில்லை. "வீட்டுக்கே போலாம்டி" என்றாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

கோபுரம் தூரத்தில் தெரிந்த அன்றைக்கு விசா வந்துவிட்டது. பெட்டி கட்டவும், சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளவுமே நேரம் போதவில்லை. கிளம்புகிற நாளில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு திரும்பவே இல்லை. அக்கா பின்னால் வந்து நின்றாள். திரையில் THANGA என்று என் பெயர்.

"பாத்தியா, தங்கன்னுதான் பேர் வெச்சிருக்கு. நீ தங்கறவ. அப்பா அம்மாவைப் பாத்துக்க" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை, அவள் அந்தப் பக்கம் போன பிறகு அழுதேன்.

சவுதியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "முடிச்சிட்டியா?" என்று கேட்பாள். "நீ வா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு, மீதி நேரம் அம்மாவுக்கு. முதல் லீவில் அவள் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. அக்கா அதன் தலையில் தட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்டி" என்றாள். ஃப்ளாப்பியை மட்டும் நான் பீரோவில் கிறிஸ்துமஸ் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவளுடைய அடுத்த லீவுக்குள் நான் படிப்பை முடித்து, ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் சேர்ந்துவிட்டேன். என் சம்பளத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். ஃப்ளாப்பி போடும் இடம் வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்கறாங்க" என்று சிரித்தார். நான் கேட்கிறேன் என்றேன். அக்கா வந்து இறங்கி, அழைத்தவர்கள் வீடுகளிலெல்லாம் சாப்பிட்டு, ஏலகிரிக்கும் போய்வந்த பிறகு, லீவின் கடைசி வாரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்கார வைத்தேன். ஃப்ளாப்பி கரகரவென்று அரைத்தது. நின்றது. திரும்ப அரைத்தது. விட்ட இடத்தில் நான்கு பேரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

அம்புக்குறியை அழுத்தினேன். நான்கு பேரும் சுள்ளெறும்பு கடித்த மாதிரி ஓடிப்போய்த் திரையின் அந்தப் பக்கச் சுவரில் மோதினார்கள். ஒரு சண்டை வந்தது. வந்தது என்று தெரிவதற்குள் எல்லோரும் செத்திருந்தார்கள். அந்தக் காலத்து விளையாட்டு, கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஓடும்படி எழுதியிருந்தார்கள் போலும். ஆசை ஆசையாக வாங்கிய புதுக் கம்ப்யூட்டர் எங்களைத் தலைதெறிக்க ஓட வைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா தெச்ச சட்டையை எடுத்து மாட்டுடி, தன்னால மெதுவாகும்."

சட்டை இன்னும் பீரோவின் மேல்தான் இருந்தது. மாட்டவில்லை. ஆபீஸில் ஒருவரைக் கேட்டு, கம்ப்யூட்டரை வேண்டுமென்றே மெதுவாக்குகிற ஒரு சின்ன மென்பொருளைத் தேடிப் பிடித்தேன். கிடைப்பதற்குள் அவள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. மத்தியானம் சென்னைக்குக் கார். பெட்டிகள் வாசலில் கட்டி வைத்திருக்க, நாங்கள் உட்கார்ந்தோம். டீவிப் பெட்டியின் வேகத்துக்கு வைத்தேன். "கம்மி பண்ணு" என்றாள். பிரவுசிங் சென்டர் வேகத்துக்கு வைத்தேன். கோபுரத்தின் வாசல் நன்றாகத் தெரிந்தது. அதே வேகத்தில் போனால் கார் வருவதற்குள் உள்ளே போய்விடலாம், முடித்தும் விடலாம். எத்தனை வருஷமாகக் காத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுடி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

நான் கடைசி வரைக்கும் வேகத்தை இறக்கினேன். THANGA ஒரு காலைத் தூக்கினாள். நிதானமாக வைத்தாள். பின்னால் AKKA ஒரு காலைத் தூக்கினாள். அக்கா பாடகர் குழு மெட்டை முனக ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன்.

கார் வந்துவிட்டது என்று சொல்ல அப்பா உள்ளே வந்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, புதுசு வாங்கியும் நம்ம பழைய டப்பா மாதிரியே ஓடுது?"

"ஆமாம்பா" என்றாள் அக்கா. "இப்பத்தான் சரியா ஓடுது."