ஐம்பத்தாறு பேரைத் தாங்கும் இரண்டு பேர் வீடு

அரசப்பனைப் பற்றித் திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். மரக்காணத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தும் அவருக்குக் கடல் என்றால் பயம். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்துகளுக்குப் பாடி என்கிற கூடு கட்டியும் அவரால் பேருந்தில் போக முடியாது. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் குமட்டும். அதனால் விழுப்புரம் பணிமனைக்குத் தினமும் ரயிலில் போய் ரயிலில் வந்தார். பிறந்த இடமும் ஒத்துக்கொள்ளாது, செய்த பொருளும் ஒத்துக்கொள்ளாது என்றால், ஓய்வு பெற்றபின் ஒரு மனிதர் என்ன செய்வார்? கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி கட்டுவார் என்று யாரும் நினைக்கமாட்டோம். அரசப்பன் கட்டினார்.

காரணம் அவர் மனைவி செந்தாமரை. அதே குப்பத்துப் பெண்தான். பதினோரு வருடத்துக்கு முன், தம்பி வெற்றிவேலின் மகள் பவானிக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது, செந்தாமரை முந்தானையால் மூக்கை மூடினார். அவருக்கு அன்று சளி. தம்பி மனைவி வடிவு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"திண்டிவனத்துக்குப் போனதும் அண்ணிக்கு மீன் வாடை ஆவறதில்ல போல" என்றார், பந்தலில் பத்துப் பேர் கேட்கும்படி.

"இனிமே உன் வாசப்படிய மிதிச்சன்னா ஏன்னு கேளு" என்றார் செந்தாமரை.

"உன் வாசப்படிய மட்டும் நான் வந்து மிதிக்கப் போறனா?" என்றார் வடிவு.

அதற்குப் பிறகு இருவரும் பேசாமல் இருந்தார்கள் என்று நினைத்தால் தவறு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசினார்கள். நெத்திலி விலையிலிருந்து முட்டிவலித் தைலம் வரை பேசாத பொருள் இல்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சந்தித்துச் சேர்ந்து புடவை எடுத்தார்கள். எடுத்த புடவையை வடிவு செந்தாமரையின் வீட்டு வாசல்வரை தூக்கிவந்து, படிக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினார். சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டது. சொன்ன சொல் மட்டும் தீரவில்லை.

இப்படியே இன்னொரு பதினோரு வருடம் ஓடியிருக்கும். ஆனால் பவானிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வைகாசியில், குப்பத்திலேயே, மூன்று நாள். பவானிக்கு இருப்பது ஒரே ஒரு அத்தை. நலங்கு வைக்க அத்தை வேண்டும், மணையில் உட்கார வைக்க அத்தை வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற அத்தையைக் குப்பம் அத்தை என்று ஒப்புக்கொள்ளாது. தங்கவேண்டும். தம்பி வீட்டில் தங்கினால் சொல் போய்விடும். தம்பி வீட்டுக்கு எதிரே வேறொருவர் வீட்டில் தங்கினால் தம்பியின் மானம் போய்விடும். செந்தாமரை சாப்பிடும்போதுகூட இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

அரசப்பன் போனில் ஒரு படம் பார்த்தார். வெளிநாட்டில் ஒரு புருஷன் பெண்சாதி, காருக்குப் பின்னால் குட்டி வீடு ஒன்றை மாட்டி இழுத்துப்போய் ஏரிக்கரையில் நிறுத்தித் தூங்குகிறார்கள்.

"தாமரை, உன் தம்பி வூட்டுக்கு எதுத்தாப்பல நம்ம வூட்டையே கொண்டுபோய் நிறுத்திட்டா?"

"வெயில்ல சுத்திக்கினு வந்தீங்களா?" என்றார் செந்தாமரை.

ஆனால் அன்று அவர் சோற்றை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதை அனுமதி என்று அரசப்பன் எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய வேன் நிற்கும். அதை வெளியே தள்ளி வேப்ப மரத்தடியில் விட்டுவிட்டு, தை மாதம் முதல் தேதி ஷெட்டில் வேலை தொடங்கினார். பழைய ஜீப் ஒன்றின் அச்சு, சதுரக் குழாய், அலுமினியத் தகடு, ப்ளைவுட். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலரை அடி உயரம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்கம் மூடியைத் தூக்கினால் கேஸ் அடுப்பும் இரண்டு மளிகைச் சம்படமும். பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு வளைந்து வால் சரிந்து கொழுக்கட்டை மாதிரி இருக்கும். தெரு அதற்கு அந்தப் பெயரையே வைத்தது.

வேலையைச் சுற்றி எப்போதும் சிலர் நிற்போம். உட்காருபவர் ஜெகதீசன் மட்டும். ஓய்வு பெற்ற நடத்துநர், எதிர்வீடு. தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார்.

உள்ளதைச் சொல்லவேண்டும், அந்த வேலையைப் பார்க்க இரண்டு கண் போதவில்லை. ரிவிட்டுகள் ஒரு நூலிழை விலகாமல் ஓடின. தகட்டை வளைக்க அவரிடம் இயந்திரம் இல்லை. மணல் நிரப்பிய சைக்கிள் டியூபை மேலே போட்டு உருட்டி உருட்டியே வளைத்தார். கூரை முடிந்ததும் உள்ளே தரை முழுக்கச் செய்தித்தாள் பரப்பி, மேலே ஒரு மணி நேரம் தண்ணீர் பீய்ச்சினார். பிறகு தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்களிடம் காட்டினார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. முதல் மழைக்கே ஒழுகுகிற கான்கிரீட் வீடுகளில் குடியிருக்கும் நாங்கள் அந்தத் தாள்களைக் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்தோம்.

அதே கைதான் ஒரு தவறையும் செய்தது.

உட்கூரையில் நீளவாக்கில் இரண்டு இரும்புக் கம்பி போனதை முதலில் கவனித்தவர் ஜெகதீசன்.

"இன்னாபா இது?"

"கைப்பிடி."

"நாலரை அடி ஒசரத்துல எவன் நின்னுக்கினு வரப் போறான்?"

"கம்பி இல்லாம கூடு வெளிய அனுப்பினா இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்கும்" என்றார் அரசப்பன்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாரு வர்றா?"

"நான்தான்."

கம்பியோடு நிற்கவில்லை. தரைக்குக் கீழே இரட்டைச் சட்டம் வந்தது. முன்பக்கம் அவசர வழி ஒன்று வந்தது. ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் சன்னல் உள்ள கூட்டில் அவசரமாக எங்கே போவது என்று நாங்கள் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் படி. கதவுக்கு வெளியே, வரிவரியாகச் சொரசொரப்பு எழுந்த தடித்த இரும்புத் தகட்டில், ஓரத்துக்கு ஆங்கிள் வைத்து, இரண்டு அடுக்கு. அதற்கு மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார்.

"ஒரு பஸ்ல மொதல்ல சாவறது படிதான்" என்று எங்களுக்கு விளக்கினார். "இது சாவாது."

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஆறு முறை அலைந்து வண்டிக்கு ஒரு பதிவு எண்ணும் வாங்கிவிட்டார். ஏழாவது முறை நன்றி சொல்லப் போய்வந்தார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு காலை வேளையில் வேனின் பின்னால் கொழுக்கட்டையை மாட்டி, மரக்காணம் போகிற வழியில் மேம்பாலத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பினார். ஜெகதீசன் வீட்டுக்குள் போய்ப் பழைய விசிலைத் தேடி எடுத்துவந்து இரண்டு முறை ஊதினார். வண்டி நகர்ந்தது.

பாலத்தில் பாதிவரை ஏறியது. பிறகு வேன் ஒரு முனகல் முனகி நின்றது. அடுத்து மெதுவாகப் பின்னால் வரத் தொடங்கியது. ஜெகதீசன் ஒற்றை விசிலை விடாமல் ஊதிக்கொண்டே வேனிலிருந்து குதித்து ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பின்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரி. அதன் ஓட்டுநர் இறங்கி வந்து, சுற்றிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, கடைசியாகக் கேட்டார்.

"இன்னா பெரிசு, வூடு காலி பண்ணிக்கினு போறியா? ஜல்தி எறக்கு, பஸ்ஸெல்லாம் நிக்குது."

நின்ற பேருந்துகளில் இரண்டு அரசப்பன் கூடு கட்டியவை. அவர் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டி எடை மேடையில் ஏற்றிப் பார்த்ததில் எண்ணூற்று அறுபது கிலோ. வேன் இழுக்கக்கூடியது அதில் பாதி. ஷெட்டுக்குத் திரும்பிய அரசப்பன் முதலில் வேனிலிருந்து கொழுக்கட்டையைக் கழற்றினார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

"அம்பத்தாறு பேரு உள்ள, படியில பத்துப் பேரு தொங்குவான், மேல எவனாவது மூட்டை ஏத்துவான்னு கணக்குப் பண்ணியே கை பழகிப் போச்சி. ரெண்டு பேருக்குச் செய்யத் தெரியல."

"நம்ம படியில யாருங்க தொங்கப் போறாங்க? எனக்கு முட்டி வலி" என்றார் செந்தாமரை. தொடர்ந்து, "ஒம்பது நாளு இருக்குது. பவானி கல்யாணத்துக்கு நான் போவலன்னா, அந்தப் பொண்ணு என்னைக் கேக்காது. உங்க மூஞ்சியத்தான் பாக்கும்" என்றார்.

அறுத்து எடையைக் குறைக்கலாம். ஆனால் எதை என்று அரசப்பனால் சொல்ல முடியவில்லை. அவருக்கு எல்லாமே அவசியமாகத் தெரிந்தது. எனவே செந்தாமரை சாக்கட்டியை எடுத்தார். வேண்டாததன்மேல் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனார். பின்னாலேயே அரசப்பன் கட்டரோடு போனார். கைப்பிடிக் கம்பிகள் போயின. இரட்டைச் சட்டம் ஒற்றையானது. அவசர வழி போய், அந்த இடத்தில் மெல்லிய தகடு வந்தது. ஒவ்வொன்றையும் அறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நாங்கள் கற்றுக்கொண்டோம். ஆறாம் நாள் மீண்டும் எடை மேடை. நானூற்று எழுபத்தைந்து.

இன்னும் நாற்பத்தைந்து கிலோ குறையவேண்டும். அரசப்பன் படியைப் பார்த்தார். அவர் படியைப் பார்ப்பதைத் தெருவே பார்த்தது. செந்தாமரை அதன்மேல் சாக்கட்டியால் எதுவும் போடவில்லை. கட்டியைத் தரையில் வைத்துவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார். அவர் திரும்பி வரும்போது படி தரையில் கிடந்தது. ஏறி இறங்க, குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்தது.

கிளம்பும் நாளில் ஒரு சின்னக் குழப்பம். வண்டியானால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், வீடானால் பால் காய்ச்சவேண்டும். இது எது? செந்தாமரை யோசிக்கவில்லை, இரண்டையும் செய்தார். பால் பொங்கிய பிறகு அரசப்பன் வேனைக் கிளப்பினார். ஜெகதீசன் கூடவே போனார், விசிலோடு. மேம்பாலத்தின் உச்சியில் அவர் ஊதிய இரட்டை விசில் எங்கள் தெருவுக்குக் கேட்டது என்று இன்றைக்கும் சாதிக்கிறார். இடையில் ஒரு ரயில்வே பாதை இருக்கிறது, கேட்டதாகவே வைத்துக்கொள்வோம்.

அதற்கு மேல் நடந்தது ஜெகதீசன் சொன்னது. உப்பளங்களைத் தாண்டி, குப்பத்து மணலில் சக்கரம் புதைந்தபோது, இளைஞர்கள் பத்துப் பேர் வந்து படகைக் கரையேற்றுகிற மாதிரி ஏலேலோ பாடித் தள்ளிக்கொண்டுபோய், வெற்றிவேலின் வீட்டுக்கு எதிரே நிறுத்தினார்கள். அரசப்பன் முதுகைக் கடலுக்குக் காட்டியபடி ரசமட்டம் வைத்து நாலு மூலையும் சரிபார்த்தார். வெற்றிவேல் வண்டியை இரண்டு சுற்று வந்தார்.

"மாமா, இதுக்கு எங்க வூட்டுலயே வந்து படுத்திருக்கலாம்" என்றார்.

"உங்கக்காகிட்ட சொல்லு."

வெற்றிவேல் சொல்லவில்லை.

நலங்கு பந்தலில் நடந்தது. பந்தலுக்கு வாசற்படி கிடையாது. செந்தாமரை அண்ணன் தம்பி உறவு அத்தனைக்கும் நடுவே நின்று பவானியின் கன்னத்தில் சந்தனம் பூசினார். மூக்கைத் தொடவே இல்லை. அன்றும் அவருக்குச் சளிதான் என்கிறார் ஜெகதீசன்.

பொழுது சாய்ந்தபோது, தம்பி வீட்டில் உறவுக்காரர்கள் நாற்பது பேர் நிறைந்துவிட்டார்கள். வடிவு கையில் ஒரு தலையணையோடு கொழுக்கட்டைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணி, உள்ள ஒரு ஆள் படுக்க எடம் இருக்குதா? அங்க கால் நீட்ட வழியில்ல. விடிஞ்சா கல்யாணம்."

செந்தாமரை உள்ளே உட்கார்ந்தபடியே சொன்னார்: "எடம் இருக்குது. நீதான் என் வாசப்படிய மிதிக்க மாட்டன்னு சொன்னவளாச்சே."

வடிவு குனிந்தார். கதவுக்குக் கீழே பார்த்தார். வண்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாசப்படி எங்க?"

செந்தாமரை எட்டிப் பார்த்தார். அறுத்த இடத்தில் நாலு வெல்டிங் தழும்பு மட்டும் இருந்தது.

"அறுத்துட்டேன்மா" என்றார் அரசப்பன், வேனுக்குப் பக்கத்திலிருந்து. குரலில் இன்னும் துக்கம் இருந்ததாம்.

"கேட்டுக்க அண்ணி. இல்லாததை நான் எப்படி மிதிக்கிறது?"

"ஸ்டூலு இருக்குதே."

"ஸ்டூலு வாசப்படி ஆவுமா? நாளைக்கு முக்காலிய வூடும்பீங்க" என்று சொல்லி, வடிவு அதன்மேல் கால் வைத்தார்.

"கால்ல மண்ணத் தட்டிக்கினு வா" என்றார் செந்தாமரை. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

மூன்று நாளும் அவர்கள் இருவரும்தான் அதில் படுத்தார்கள். கல்யாணம் குறையில்லாமல் முடிந்தது. செந்தாமரை தம்பி வீட்டுப் படியை மிதிக்கவில்லை, வடிவு அண்ணி வீட்டுப் படியை மிதிக்கவில்லை. இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, ஒரே பாயில் தூங்கினார்கள். கட்டியவர் வேனின் முன்சீட்டில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தார், கடல் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சு வைத்து. அந்தக் கூட்டுக்குள் அரசப்பன் இதுவரை ஒரு பொழுதும் தூங்கியதில்லை.

திரும்பி வந்ததும், அலுமினியத்தில் நாலே கிலோவில் ஒரு படி செய்யமுடியும் என்று வரைந்து காட்டினார். செந்தாமரை அந்தத் தாளை மடித்து உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார்.

"படி வேணாம்" என்றார். "மாசி மகத்துக்கு வர்றேன்னு வடிவுகிட்ட சொல்லிட்டேன்."

பழைய இரும்புப் படி ஷெட்டின் ஓரத்தில் கிடக்கிறது. ஜெகதீசன் இப்போது நாற்காலி தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஐம்பத்தாறு பேருக்கென்று செய்தது. தற்சமயம் அவர் ஒருவரைத் தாங்குகிறது. ஒரு அசைவு இல்லை என்று அவரே சொல்கிறார்.