நிலாவின் தழும்பைத் துடைத்தவள்

1860களில் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் கல்யாணம் நிச்சயமான பெண்கள் பாதிரியாருக்கும் முன்னால் தேடிப் போனது ஹெஸ்டர் ஷாக்கிள்டனைத்தான். ஏமஸ் த்வெய்ட்டின் போட்டோக் கடையில் கண்ணாடி நெகடிவ்களைத் திருத்துவது அவள் வேலை. அம்மைத் தழும்போ மருவோ, கூரான பென்சிலால் நாலு தொடு தொட்டால் படத்தில் முகம் பளிங்காகிவிடும். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, கைவேலை தெரிந்தவளுக்கு அது அழகுதான்.

ஏமஸுக்கோ நிலாப் பைத்தியம். ஆலைப் புகையும் மேகமும் விலகக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, தொலைநோக்கியைக் கையாலேயே நிலாவோடு நகர்த்தி, உருப்படியாக ஒரே ஒரு நெகடிவ் எடுத்தார். மறுநாள் ஊர் மண்டபத்தில் அதைக் காட்டுவதாக ஏற்பாடு. வார்னிஷ் பூசி, ஹெஸ்டர் திருத்த வேண்டிய முகங்களோடு அடுக்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் ஹெஸ்டர் எடுத்துப் பார்த்தாள். பாதி நிலா, ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது. தூசி விழுந்துவிட்டது, பாவம் மனுஷர் என்று எண்ணி, ஒன்றுவிடாமல் பென்சிலால் அடைத்தாள். அதை அச்சுப் போட்டுப் பார்த்த ஏமஸ் அலறிவிட்டார்.

“ஏம்மா, என்ன பண்ணி வச்சிருக்க? முட்டை மாதிரி இருக்கு!”

“தூசிய எடுத்தேங்கய்யா.”

“தூசியா? பள்ளம்மா அது! நிலாவோட பள்ளம்! சாயங்காலம் ஊரே வருது, முட்டையவா காட்டறது?”

ஹெஸ்டர் பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, பென்சில் பூச்சு மட்டும் கரையும்படி கண்ணாடித் தகட்டை மெல்ல ஒற்றினாள். கொஞ்சம் அழுத்தினால் வார்னிஷோடு நிலாவும் போய்விடும். பார்க்கச் சகிக்காமல் ஏமஸ் முதுகைக் காட்டி நின்றார்.

“திரும்பிப் பாருங்கய்யா. வந்திருச்சு.”

சாயங்காலம் அதிலிருந்து எடுத்த கண்ணாடிப் படத்தை விளக்கொளியில் காட்ட, மண்டபத்து வெள்ளைத் துணியில் நிலா மேடும் பள்ளமுமாக எழுந்தது. முகமெல்லாம் அம்மைத் தழும்புள்ள ரொட்டிக்கடைக்காரி மிஸஸ் கிரீன்வுட்தான் முதலில் வாய் திறந்தாள்.

“அடி ஆத்தாடி! இவளுக்கும் அம்மை போட்டிருக்கே!”

மண்டபமே சிரித்தது. அப்புறம் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த வாரம் மிஸஸ் கிரீன்வுட் படம் எடுத்துக்கொள்ள வந்தாள்.

“எம் மூஞ்சில பென்சில வச்சிராத, ஹெஸ்டரு. அவ தழும்புக்கு அத்தனை பேரும் கைதட்டுனாங்க. என்னுது மட்டும் என்ன மட்டமா?”

“எல்லாரும் இப்படிக் கெளம்புனா எம் பொழப்பு என்னக்கா ஆகறது?” என்று சிரித்தாள் ஹெஸ்டர்.

ஆனாலும் படம் எடுத்தபின் மிஸஸ் கிரீன்வுட்டின் நெகடிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பென்சிலை எடுக்கவேயில்லை. அவள் கை வழியாகப் போன முகங்களில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.