தோர்ண்டன் ஹீத்தில் கொடுத்த பூசை

தவமலர் அக்காவைப் பற்றி எங்கள் ஆட்களிடம் கேட்டால் முதலில் அவருடைய கிறிஸ்துமஸ் கேக்கைத்தான், எங்கள் பேச்சில் நத்தார் கேக்கைத்தான் சொல்வார்கள். கஜு, சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் தோசி, இஞ்சிப்பாகு எல்லாம் நெல்லுப்போல நறுக்கி, ஒரு மாதம் பிரண்டியில் ஊறப்போட்டுச் செய்கிற கேக். 2009 நத்தாருக்கு அதில் நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டே சாப்பிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். பாசையூரில் பிறந்து, பாசையூரிலேயே ஒரு கடற்றொழிலாளியைக் கட்டினார். அந்த மனிதர் வள்ளத்தில் வைத்து ஷெல் பட்டுச் செத்துப்போனார். மிஞ்சியது ஒரே மகன், ஸ்ரனிஸ்லாஸ். எல்லோருக்கும் ஸ்ரனி. அவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, ஜெர்மனியில் இருந்த அக்காவின் தம்பி பிரதாபன் ஆள் அனுப்பினான். அவன் மனைவி மாலினி பக்டரியில் ஷிப்ட் வேலை, மகள் ஆரணியைப் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லை, நீங்கள் வாருங்கள் என்றான். ஸ்ரனியைச் சித்தப்பன் வீட்டில் விட்டுவிட்டு வரட்டாம், இரண்டு வருடத்தில் அவனையும் எடுத்துவிடலாமாம்.

அக்கா நம்பி வந்தார். இரண்டு வருடம் பதின்மூன்று வருடமாயிற்று. இடையில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் கடை போட்டு, செவன் கிங்ஸில் வீடும் வாங்கிவிட்டான் பிரதாபன். அக்காவுக்கு மாடியில் சின்ன அறை. சமையல், உடுப்புத் தோய்ப்பு, அயன் எல்லாம் அவர் கையில். ஒவ்வொரு நத்தாருக்கும் "வாற வருசம் ஸ்ரனி இஞ்ச நிப்பான்" என்பான் தம்பி. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அவன் வேண்டுமென்றேதான் எடுக்காமல் விட்டான். மகன் வந்தால் அக்கா தனி வீடு பார்ப்பார். பிறகு மாலினிக்கு யார் சமைத்துக் கொடுப்பது?

இனி எங்கள் குடும்ப வழக்கத்தைச் சொல்லவேண்டும். நத்தாருக்குக் குழந்தை யேசுவை வைக்கிற பாலன் குடிலில் எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆடு உண்டு. பெரியப்பா தொடக்கிவைத்த வழக்கம் அது. பிள்ளை பிறந்தால் ஒரு மண் ஆடு வாங்கி, அடியில் பெயர் எழுதிக் குடிலில் சேர்ப்போம். உயிரோடு இருப்பவர்களின் ஆடுகள் பாலனுக்கு முன்னால் நிற்கும். ஒருவர் செத்தால் அந்த வருடம் குடிலே இல்லை. கேக் இல்லை, பலகாரம் இல்லை, கரோல்காரருக்குக் கதவு திறப்பதில்லை, நல்ல காரியம் எதுவும் பேசுவதில்லை. அடுத்த வருடம் அவருடைய ஆடு குடிலின் மேலே நிற்கிற வானதூதர், சம்மனசுக்குப் பக்கத்தில் போய்விடும். திருச்சபை இப்படியொன்றும் சொல்லவில்லை. ஆனால் பாப்பரசரின் சொல்லை மீறினாலும் மீறுவோம், இதை மீறமாட்டோம்.

ஊரில் போரின் கடைசி மாதங்களில் ஸ்ரனி சித்தப்பன் குடும்பத்தோடு சண்டைக்குள் அகப்பட்டுக்கொண்டான். 2009 மே மாதம் முழுக்க அக்கா லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டத்தில் ஸ்ரனியின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முகாம்களில் இருந்து வந்த பெயர்ப் பட்டியல்களைத் தேடித் தேடி வாசித்தார். அவன் பெயர் எதிலும் இல்லை. ஒக்டோபரில் வவுனியா முகாமில் இருந்து ஒரு பெடியன் பிரதாபனின் கடைக்கு ரெலிபோன் எடுத்தான். மே பதினான்காம் திகதி ஷெல் விழுந்ததாம், தன் கையாலேயே ஸ்ரனியைப் பதுங்குகுழிக்குள் வைத்து மூடியதாகச் சொன்னான்.

அன்று பின்னேரம் பிரதாபன் என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து அழுதான். பொய் அழுகை இல்லை. முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"லலிதாக்கா, ஆரணியின்ர நிச்சயதார்த்தம் டிசம்பர் இருபத்தாறு. இப்ப சொன்னா எல்லாம் நிண்டுபோம். மாப்பிள்ளை வீடு ஒரு வருசம் பொறுக்குமே? நத்தார் முடியட்டும். தை மாசம் நானே அக்காவுக்குச் சொல்லுறன்."

"ஓம், அதுவும் சரிதான்" என்றேன் நான். இந்த வாயால்தான் சொன்னேன்.

மறைத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அக்கா வாடிப்போய்த் திரிந்தால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்று மாலினிக்குப் பயம். அதனால் பிரதாபன் ஒரு பொய்யையும் சேர்த்தான். தடுப்பு முகாம் ஒன்றில் ஸ்ரனியை யாரோ கண்டார்களாம், விடுவதற்கு நாளெடுக்குமாம். அக்காவுக்கு அன்றைக்கே உயிர் வந்தது. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் மெழுகுதிரி கொளுத்தி, ஸ்ரனியின் விடுதலைக்காக வீட்டில் ஒவ்வொரு பொழுதுபடவும் செபமாலை சொன்னார். நாங்களும் முழங்காலில் இருந்து மறுமொழி சொன்னோம். அவர் உரத்துச் சொல்ல நாங்களும் உரத்துச் சொன்னோம்.

ஒருநாள் கிறீன் ஸ்ரீற்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் நீல நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை எடுத்தார். பத்து வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை, இப்போதைய அளவு அவருக்கு எப்படித் தெரியும்?

"உன்ர மகன்ர அளவு எடுப்பமே, லலிதா? இல்லாட்டி அவன் இன்னும் உயரமோ தெரியாது" என்றார்.

"கொஞ்சம் பெரிசா எடுங்கோ அக்கா" என்றேன். எனக்கு நாக்கு எப்படிப் புரண்டது என்று தெரியவில்லை.

நத்தாருக்கு முதல் நாள் அக்காவே குடிலைக் கட்டினார். ஸ்ரனியின் ஆட்டை எல்லா ஆடுகளுக்கும் முன்னால், பாலன் படுக்கிற வைக்கோலோடு ஒட்டி வைத்தார். பிரதாபன் பக்கத்தில் நின்று மின்குமிழ் பூட்டிக்கொண்டிருந்தான். ஒரு குமிழை அந்த ஆட்டுக்கு நேர் மேலே தொங்கவிட்டான். நான் வைக்கோல் எடுத்துக் கொடுத்தேன்.

அவன் கல்நெஞ்சன் என்று சொல்லமாட்டேன். கல்நெஞ்சனாக இருந்திருந்தால் காரியம் அவன் நினைத்தபடியே முடிந்திருக்கும். தாயிடம் சாவை மறைக்க அவனால் முடிந்தது. செத்த மருமகனின் ஆன்மாவுக்குப் பூசை கொடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை. நவம்பர் மாதம் ஆன்மாக்களின் மாதம், பூசை இல்லாமல் பெடியனை அந்தரிக்க விடக்கூடாது என்று அவனுக்குள் கிடந்து அரித்திருக்கிறது. எங்கள் கோயிலில் கொடுத்தால் பெயர் வாசிப்பார்கள், அக்கா முன் வரிசை வாங்கில் இருப்பார். ஆகவே ஆற்றைக் கடந்து தோர்ண்டன் ஹீத்துக்குப் போய் அங்கே தமிழ்ப் பூசையில் கொடுத்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் அங்கே யார் போகிறார்கள் என்பது அவன் கணக்கு. மாப்பிள்ளை பிரியந்தனின் பெரியம்மா பிலோமினா அந்தப் பூசையில்தான் பாட்டுப் படிக்கிறவர் என்பது அவனுக்குத் தெரியாது.

இருபத்தாறாம் திகதி மத்தியானம் வீடு நிறைய ஆட்கள். மோதிரம் மாற்றியாயிற்று. ஆரணி சிவப்புப் பட்டில் மின்னினாள். அக்கா குசினியில் ஆட்டிறைச்சிக் கறியை அள்ளிக்கொண்டு நின்றார், நான் சாப்பாட்டுக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிலோமினா உள்ளே வந்து அக்காவின் தோளைத் தடவினார். நல்ல மனுசி, மனதில் ஒரு களவும் இல்லை.

"இவ்வளவு துக்கத்துக்கையும் பிள்ளையின்ர காரியத்தை முன்னுக்கு நிண்டு நடத்துறியள். உங்களுக்குப் பெரிய மனசு. நாங்கள் வீட்டில எல்லாருமா உங்களைப் பற்றித்தான் கதைச்சனாங்கள்."

அக்கா சிரித்தார். "என்ன செய்யிறது, அவன் வருவான்தானே. தடுப்பில இருந்து விட்டா வந்திடுவான்."

பிலோமினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இல்லை... உங்கட மகனுக்குப் பூசை குடுத்தது. எங்கட கோயில்ல. நான்தானே பாட்டுப் படிச்சனான்."

"சுகத்துக்குக் குடுத்ததோ?"

"இல்லை அம்மா. ஆன்மாவுக்கு."

அக்கா அகப்பையைக் கறிச்சட்டிக்குள் வைத்தார். "பேர் என்னெண்டு வாசிச்சவை?"

"சூசை ஸ்ரனிஸ்லாஸ். மே பதினாலு எண்டு திகதியும் வாசிச்சவை. தம்பி பிரதாபன் முன்னுக்கு இருந்து அழுதவர்."

அதைச் சொல்லும்போதே பிலோமினாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லு என்று கேட்கிற பார்வை, பொய்யென்றாலும் சொல்லு என்கிற பார்வை. நான் குனிந்து கோப்பையைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த கோப்பை.

அந்த நேரம் பார்த்து மாலினி எட்டிக் கூப்பிட்டாள். "மச்சாள், வாங்கோ, சனத்துக்குப் பசிக்குது. நீங்கள்தானே மூத்த ஆள், சாப்பாட்டுச் செபத்தைச் சொல்லிவிடுங்கோ."

அதுவும் எங்கள் வழக்கம்தான். வீட்டில் மூத்தவர் செபம் சொல்லாமல் நத்தார் காலத்துப் பெரிய சாப்பாட்டில் யாரும் கை வைப்பதில்லை. அக்கா முன்றானையால் கையைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்குப் போனார். நான் பின்னால் போனேன். கத்தப்போகிறார், பிரதாபனின் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முப்பது பேர் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். அக்கா சிலுவை அடையாளம் போட்டார். அவர் சொன்னது சாப்பாட்டுச் செபம் இல்லை. செத்தவர்களின் நித்திய இளைப்பாற்றிக்காகச் சொல்லுகிற செபம். நடுவில் பெயரையும் சேர்த்தார்: "என்ர மகன் சூசை ஸ்ரனிஸ்லாஸ்."

அந்தச் செபத்தின் முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறு பாதியைச் சொல்லாமல் இருக்க எங்களுக்கு வராது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு செத்த வீட்டிலும் சொல்லி ஊறிய வாய். முப்பது பேரும் ஒரே குரலில் மறுமொழி சொன்னார்கள். ஆரணி சொன்னாள். மாலினி சொன்னாள். நான் சொன்னேன். பிரதாபனின் குரல்தான் எல்லோருக்கும் மேலாகக் கேட்டது. அக்கா முறைப்படி மூன்று தரம் சொன்னார், நாங்களும் மூன்று தரம் சொன்னோம்.

பிறகு ஒவ்வொருவராக எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையைச் செத்தவனெண்டு செபிச்சிருக்கிறன்," என்றார். "'ஐயோ, ஸ்ரனிக்கு என்ன நடந்தது' எண்டு உங்களில ஒருத்தரும் கேக்கேல்லை."