எண்பத்து மூன்று லேபிள்கள்

பேரன் வாங்கிவந்த பனியனின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேபிள் இல்லை. அளவைத் துணியிலேயே அச்சடித்துவிட்டார்கள். உறுத்தாதாம். எனக்குத்தான் என்னவோ குறைகிறது. மூன்று முறை தடவிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. எதையும் டஜனில் எண்ணியே பழக்கம். படிக்கட்டு, பல்லி, பிரசங்கத்தின் நடுவே போதகர் இருமுவது, எல்லாமே டஜன்தான். பையில் எப்போதும் கழுத்து லேபிள்கள் கிடக்கும்.

அப்போது என் மனைவி எஸ்தருக்கு வயிற்றில் கட்டி. பிழைப்பாள் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஆபரேஷனுக்குப் போகும்போதும் அவளுக்கு என் கவலைதான்.

“நர்சம்மாவை நோண்டீட்டே இருக்காதீங்க. உக்காந்து ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லுங்க.”

எங்கள் சபையில் உபவாச நாளில் ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்வது வழக்கம். ஆயிரம் என்றால் எண்பத்து மூன்று டஜனும் நாலும். எண்பத்து மூன்று லேபிள்களை எண்ணி எடுத்தேன். டஜனுக்கு ஒன்று, வலக்கையிலிருந்து இடக்கைக்கு. வாய் ஸ்தோத்திரம் சொன்னது. கண் ஆபரேஷன் தியேட்டர் கதவிலேயே இருந்தது.

நாற்பத்தொன்றாம் டஜனில் காசிம் பாய் டீயோடு வந்தார். எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர்.

“எத்தனை ஆச்சுங்க?”

போச்சு. அந்த டஜனில் ஏழா, எட்டா? ஒன்று குறைந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எல்லாவற்றையும் வலக்கைக்கு மாற்றி முதலிலிருந்து தொடங்கினேன்.

“ஏனுங்க செக்கிங்காரரே, மறுக்கா ஒன்னுலிருந்தா?”

“ஒன்னு கொறைஞ்சிருக்குமுங்க பாய்.”

“உங்க ஆண்டவர் என்ன சரக்கு வாங்கற ஃபாரின் பையருங்களா, ஒரு பீஸ் கொறைஞ்சா பொட்டியத் திருப்பி அனுப்பறதுக்கு?”

அந்த இடத்தில் சிரிக்கலாமா? சிரித்துவிட்டேன். லேபிள்கள் தரையெல்லாம் சிதறின. பாய் குனிந்து பொறுக்கினார்.

“எல் சைஸும் எக்ஸெல் சைஸும் கலந்து கெடக்குது. இவரு செக்கிங்காமா!”

கதவு இன்னும் திறக்கவில்லை. சேதி ஒன்றும் வரவில்லை. ஆனால் கரண்டு போனதும் அத்தனை தையல் மெஷினும் ஒன்றாக நிற்குமே, அப்படி அடங்கிப்போனது நெஞ்சு. பாய் கொடுத்த டீயைக் குடித்தேன். பிறகு எண்ணாமலே ஸ்தோத்திரம் சொன்னேன். எத்தனை என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் வெளியே வந்து, “பயமில்லை” என்றபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

“அந்தப் பனியனை இன்னும் எத்தனை தடவை தடவுவீங்க?” என்று எஸ்தர் உள்ளிருந்து அதட்டுகிறாள்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். பாய் இறந்துபோய் ஆறு வருஷம். லேபிளும் போயிற்று. ஸ்தோத்திரத்தின் நடுவே வந்து, “எத்தனை ஆச்சுங்க?” என்று என் கணக்கைக் கெடுக்கத்தான் ஆளில்லை.