முதுகில் ஒரு பாட்டு

ராயபுரம் சிலுவைமுத்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தே கூன் விழுந்தவர். அறுபதுகளிலிருந்தே கப்பல்காரர்கள் தரும் இசைத்தட்டு என்றால் அவருக்கு உயிர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஒரு ஜமைக்கா மாலுமி ரெக்கே இசைத்தட்டு ஒன்று கொடுத்தான். வெளியே கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். ஆனாலும் மனுஷன் அதைச் சட்டைக்குள் முதுகோடு கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முதுகு பலகைபோல் நிமிர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

காவலர் வேதமாணிக்கம் மறித்தார். "தெனம் கூனிகினு போவியே, இன்னிக்கு இன்னா நிமிந்துகினு வர்றே?"

காவலர் சிலுவைமுத்துவின் சட்டையைத் தூக்கினார். இசைத்தட்டின் அட்டையை ஒரு எழுத்து விடாமல் படித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டையை இறக்கிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம என் வூட்டுக்கு எட்த்துகினு வா, மாமு. முதுகுல கட்னா வேர்வைல அட்டை ஊறிப்பூடும். நான் எப்பவும் வயித்துலதான் கட்டுவேன்."