சாவி எடுத்த பின்னும்

ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகிக்கொண்டு, மறுமுனையை ஓடும் எஞ்சின்மீது ஊரவிடுகிறார் ஆண்டியப்பன். கண்கள் மூடியிருக்கின்றன. "கேக்குது, கேக்குது, கத்தாத" என்று எஞ்சினை அதட்டுகிறார். மலையகத்துக் கொட்டகலை மெயின் ரோட்டோரம் இருக்கும் அவருடைய தகரக் கொட்டகைக்குப் பழைய கார்கள் மட்டுமே வரும். புதுக் கார்களைப் பற்றிக் கேட்டால், "அதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் இருக்குங்க, பேச்சுத் துணை வேணாம்" என்பார்.

பேய் பிசாசில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கொட்டகையில் ஒரு சாமி படம்கூடக் கிடையாது. ஆனால் வேலை முடிந்து வெளியேறும் ஒவ்வொரு காரின் டயருக்கடியிலும் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். அவரிடம் வேலை பழகும் நான், ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"டயர் புடிக்குதான்னு பாக்கத்தாங்க." பதிலை என்னிடம் சொல்லவில்லை, டயரிடம் சொன்னார்.

அன்று மதியமே மூடுபனி இறங்கி, எதிர்க்கடையை விழுங்கிவிட்டிருந்தது. கொட்டகையில் நின்றது மளிகைக்கடை ரிஸ்வியின் மொரிஸ் மைனர். ரிஸ்வியின் வாப்பா, நானுஓயாவிலிருந்து திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காலமானவர். கார் எதிலும் மோதவில்லை. ஒழுங்காக ஓரம் கட்டி, ஆவி விட்டுக்கொண்டு, எஞ்சின் ஓடியபடியே நின்றதாம். வெந்துபோன எஞ்சினை டவுனில் யாரோ பிரித்துப் பூட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு, சாவியை எடுத்தாலும் அது நிற்பதில்லை. யாரோ உள்ளிருந்து மிதிப்பதுபோல உலுக்கி உலுக்கி ஓடும். பிறகு தானாக அடங்கும்.

அதைக் கேட்பதற்காகவே ரிஸ்வியின் தாய் ஆமினா உம்மா பின்சீட்டிலேயே குடியிருக்கிறார். சோறும் அங்கேதான். கராஜுக்கும் அப்படியே வந்திருந்தார்.

"எப்படியாச்சும் நிப்பாட்டித் தாங்க பாஸ். உம்மா வீட்டுக்குள்ள வாறதே இல்ல" என்றார் ரிஸ்வி.

"பேயுமில்ல, ஒரு மண்ணுமில்ல முதலாளி. மேடேறையில எஞ்சின் டக்டக்குன்னு தட்டக்கூடாதுன்னு டைமிங்க ரொம்பப் பின்னால தள்ளி வச்சிருக்காங்க. மலையில எல்லாரும் பண்ற கூத்து. நெருப்பு லேட்டாப் பத்துது, சூடு உள்ளயே தங்கிருது. சாவிய எடுத்தாலும் அந்தச் சூட்டுல பெட்ரோல் பத்திக்குது."

ஜன்னல் கண்ணாடி மெல்ல இறங்கியது. "மகன், மத்ததெல்லாம் சரியாக்குங்க. கடைசியா ஓடுறது மட்டும் அப்பிடியே இருக்கட்டும். அவர் இன்னும் இறங்கல்ல."

"அத விட்டு வச்சா எஞ்சின் ஒடஞ்சிரும் உம்மா. அப்புறம் காரே இல்ல."

"அப்ப அவர் எங்க போவார்?"

ஆண்டியப்பன் குழாயை மறுபடி காதில் செருகிக்கொண்டார். செருகும் அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை.

நெருப்புப் பத்தும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, தூங்கும் பிள்ளையின் தலையைத் திருப்புவதுபோல ஒரு மயிரிழை திருப்பினார். எஞ்சின் குரல் உயர்ந்து தெளிந்தது. இனி மேட்டில் ஏற்றிச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். உம்மா பின்னால். பனிக்குள் தேயிலைச் சரிவுகள் இருந்த இடமே தெரியவில்லை. வளைவுகளில் கார் தட்டாமல், திணறாமல் ஏறியது. ஆண்டியப்பன் மட்டும் சாய்ந்து உட்காரவில்லை. சீட்டின் நுனியில் ஒண்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஓட்டினார். ஸ்பிரிங் குத்துகிறதாம்.

திரும்பி வந்து சாவியை எடுத்தார்.

எஞ்சின் நின்றது. உடனே, ஒரே அடியாக. தகரத்தில் பனித்துளி சொட்டுவது கேட்டது. உம்மா முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையவில்லை.

ஆண்டியப்பன் இறங்கிக் கதவைச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு நாலடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, அதே கதவை அகலத் திறந்தார். ஒரு பக்கமாக ஒதுங்கி, வழிவிட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

ஆமினா உம்மா தலைச் சேலையைச் சரிசெய்தார். பின் கதவின் கைப்பிடியைத் தேடினார். அவர் காலை வெளியே ஊன்றி இறங்கிய பிறகும், ஆண்டியப்பன் முன் கதவைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்.