பட்டன் அக்காவுக்கு வந்த சமக்குறி

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பட்டன் அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பதினாறு வருடமாகச் சட்டைக்குப் பட்டன் வைக்கும் மெஷின்தான் அவள் பிழைப்பு. கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம்.

அவள் கணவர் லாரி ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. எழுத்தும் போய்விட்டது, சொந்தப் பெயரைக்கூட வாசிக்க முடியவில்லை. கணக்குக் குறிகள் மட்டும் எப்படியோ தலையில் தங்கிவிட்டன. அக்கா விடுவாளா? போனில் இருந்த குறிகளை வைத்தே குடும்பம் நடத்தத் தொடங்கினாள். வலி கூடினால் ➕, குறைந்தால் ➖, அப்படியே இருந்தால் 🟰, வேண்டாம் என்றால் ✖️, பாதிச் சாப்பாடு சாப்பிட்டால் ➗. அவராகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: ♾️. அது அவளுடைய வாய்க்கு. அவள் திட்ட ஆரம்பித்ததும் இடது கையால் அதை அனுப்பிவிட்டுக் கோணல் வாயோடு சிரிப்பார்.

போனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அவளுக்கு மட்டும் மூன்று இடைவேளையிலும் பார்த்துக்கொள்ள சூப்பர்வைசர் அனுமதி வாங்கித் தந்திருந்தார்.

ஒருநாள் இடைவேளையில் போனைப் பார்த்தால் ➕ வந்திருந்தது. வேலையை அப்படியே போட்டுவிட்டு மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடினாள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். செயலற்ற கை உடம்புக்கு அடியில் சிக்கித் தோள் வலித்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று அரை நாள் விடுப்பு, சூப்பர்வைசரிடம் பேச்சு வேறு. அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

"இதுக்கா என்னை ஓட விட்டீங்க? உயிர் போற வலின்னா மட்டும் ப்ளஸ் போடுங்க. சும்மா சும்மா போட்டா என் வேலைதான் போகும்."

அன்று ♾️ வரவில்லை. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்கலாம், உறைக்கவில்லை.

மறுநாளிலிருந்து 🟰 தான். "இப்ப ஒரு தொந்தரவும் இல்லை, அப்படியே இருக்காரு" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பதினோராம் நாள், பத்து மணிக்கு 🟰. ஒரு மணிக்கு ➗. பாதியாவது சாப்பிட்டாரே என்று நிம்மதியாகத் தன் டப்பாவைத் திறந்தாள். மூன்று மணிக்கு மறுபடி 🟰.

ஐந்தரைக்கு வீடு திரும்பியபோது தட்டு மூடியபடியே இருந்தது. ஒரு வாய்கூட எடுக்கவில்லை. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. தலையணை ஓரம் கடிபட்டுக் கிழிந்திருந்தது. போன் இடது கையில் இருந்தது. கை சில்லிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாரடைப்பும்மா. காலையிலிருந்தே வலிச்சிருக்கும். அவரால பேச முடியாதுன்னு சொன்னீங்க, சரி. வலின்னா எப்படித் தெரியப்படுத்துவாரு?"

அவள் போனை நீட்டினாள். டாக்டர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"வலிக்குதுன்னு சொல்ல ஒரு குறி இருக்கு டாக்டர்," என்றாள். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அதைப் போடாதீங்கன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன்."